கடும் போதைப்பொருள் சட்டமும் அதன் விளைவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கஞ்சா வழக்கில் மகன் கைதான செய்தி கேட்டு நீதிமன்ற வளாகத்துக்கு ஓடிவரும் பெற்றோர் முதலில் கேட்பது, "ஜாமீன் எப்போது கிடைக்கும்?" என்பதே. அதற்கு விடை சொல்லுமுன் வழக்கறிஞர் திருப்பிக் கேட்பது, "எத்தனை கிலோ?" என்பதாக இருக்கும். இந்தியப் போதைப்பொருள் சட்டத்தின் குணம் இந்த இரு கேள்விகளிலேயே தெரிந்துவிடுகிறது. அந்தச் சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரைத் தப்பவிடுகிறது, அதன் கடுமை எங்கெல்லாம் எதிர்பாராத விளைவுகளை உண்டாக்கியது என்பவை பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

செய்திகளில் வரும் "என்.டி.பி.எஸ். சட்டம்" என்பது எது? அது ஏன் வந்தது?

போதைப்பொருட்கள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985 என்பதையே இந்தச் சுருக்கப்பெயரால் குறிப்பிடுகிறார்கள். அது 1985 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு 1857, 1878 ஆண்டுகளின் அபினிச் சட்டங்களும் 1930ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டமும் இருந்தன. அவற்றின் தண்டனைகள் இலேசானவை. அபினிக் கடைகளும் கஞ்சாக் கடைகளும் அரசு உரிமத்தோடு நடந்த காலம் நம் தாத்தாக்கள் அறிந்ததுதான். 1961ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையில் இந்தியா சேர்ந்திருந்தது. மருத்துவம் அல்லாத கஞ்சாப் பயன்பாட்டை 25 ஆண்டுகளுக்குள் நிறுத்த வேண்டும் என்று அந்த உடன்படிக்கை தவணை கொடுத்திருந்தது. அத்தவணை நெருங்கிய நேரத்தில்தான், நாடாளுமன்றத்தில் அதிக விவாதம் இல்லாமல், இந்தச் சட்டம் நிறைவேறியது. தொடக்கத்தில் அது மிக முரட்டுத்தனமாக இருந்தது: சொந்தப் பயன்பாட்டுக்கான சிறு அளவு என்று நிரூபிக்க முடியாவிட்டால், கஞ்சா தவிர்த்த பெரும்பாலான பொருட்களுக்கு, வைத்திருந்தது எவ்வளவு என்ற வேறுபாடே இல்லாமல் குறைந்தது 10 ஆண்டுகள் சிறை. 1989ஆம் ஆண்டுத் திருத்தம் ஜாமீனைக் கடினமாக்கி, சில மறுகுற்றங்களுக்குக் கட்டாய மரணதண்டனையையும் சேர்த்தது. அளவுக்கேற்ற தண்டனை என்ற முறை 2001ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாகத்தான் வந்தது.

தண்டனை எதைப் பொறுத்து முடிவாகிறது?

பெரும்பாலும் எடையைப் பொறுத்து. ஒவ்வொரு பொருளுக்கும் மத்திய அரசு "சிறு அளவு", "வணிக அளவு" என்று இரண்டு எல்லைகளை வகுத்துள்ளது. கஞ்சாவுக்கு அவை 1 கிலோ, 20 கிலோ. ஹெராயினுக்கு 5 கிராம், 250 கிராம். கோகெயினுக்கு 2 கிராம், 100 கிராம். மெத்தாம்பெட்டமினுக்கு 2 கிராம், 50 கிராம். சிறு அளவு என்றால் ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். இடைப்பட்ட அளவு என்றால் 10 ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. வணிக அளவைத் தாண்டிவிட்டால் 10 முதல் 20 ஆண்டுகள் வரை சிறை, ஒரு லட்சம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்த 10 ஆண்டுக்குக் கீழே இறங்க நீதிபதிக்கு அதிகாரம் இல்லை.

பையைத் தூக்கி வந்தவர் அதன் உரிமையாளரா, 2,000 ரூபாய்க் கூலிக்கு வந்தவரா என்ற வேறுபாடு இந்தத் தராசில் விழுவதில்லை. 19 கிலோவுடன் பிடிபட்ட மொத்த வியாபாரியை விட 21 கிலோவுடன் பிடிபட்ட கூலியாள் மோசமான நிலையில் நிற்பார். சட்டத்தின் பெரிய குறை இதுதான் என்பது என் கருத்து. பின்வரும் பல விடைகளும் இதை ஒட்டியே வரும்.

மாவு, சுண்ணாம்புத்தூள் கலந்த பொருளாக இருந்தால் எந்த எடையைக் கணக்கில் எடுப்பார்கள்?

2008ஆம் ஆண்டில் மைக்கேல் ராஜ் வழக்கில், கலவையில் உள்ள தூய போதைப்பொருளின் எடையை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2020 ஏப்ரலில் ஹீரா சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, கலவையின் முழு எடையும் கணக்கில் வரும் என்று தீர்ப்பளித்தது. 300 கிராம் தூளில் 4 கிராம் மட்டுமே ஹெராயின் இருந்தாலும் இன்று அது வணிக அளவே. பழைய கணக்கில் அது சிறு அளவாக இருந்திருக்கும். தெருவில் விற்பவரிடம் போய்ச் சேரும் பொருளில்தான் கலப்படம் அதிகம் என்பதால், இத்தீர்ப்பின் பாரம் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் இருப்பவர் மீதே கூடுதலாக இறங்குகிறது.

கஞ்சாச் செடியின் இலையும் விதையும் குற்றமா?

செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளே சட்டத்தின் கண்ணில் "கஞ்சா". நுனியோடு சேராத இலையும் விதையும் அந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. வடமாநிலங்களில் இலையை அரைத்துச் செய்யும் பாங்கு உரிமக் கடைகளில் விற்கப்படுவது இதனால்தான். கைப்பற்றும்போது தண்டு, இலை, வேர் எல்லாவற்றையும் ஒன்றாகத் தராசில் வைத்துவிட்டு "22 கிலோ கஞ்சா" என்று மகஜரில் (கைப்பற்றிய பொருளின் பதிவில்) எழுதிவிட்டால், குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞருக்கு அது நல்ல வாதமாகிவிடுகிறது. ஆனால் செடியை வளர்ப்பதே தனிக் குற்றம் என்பதை மறக்கக் கூடாது.

ஜாமீன் ஏன் இவ்வளவு கடினம்?

பிரிவு 37தான் காரணம். வணிக அளவு வழக்குகளிலும், கடத்தலுக்குப் பணம் கொடுத்தல் போன்ற சில குற்றங்களிலும், குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகவும், வெளியே வந்தால் மறுபடி குற்றம் செய்ய மாட்டார் என்றும் நீதிமன்றம் மனநிறைவு அடைந்தால்தான் ஜாமீன் தரலாம். விசாரணையே தொடங்காத நிலையில் ஒருவர் குற்றமற்றவர் என்று ஏறக்குறைய காட்டியாக வேண்டும் என்பதே இதன் பொருள். குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவும் வழக்கமான 60 அல்லது 90 நாட்களுக்குப் பதிலாக 180 நாட்கள் உண்டு. நீதிமன்றம் அனுமதித்தால் ஓராண்டு வரை நீளலாம். சிறு அளவுக்கும் இடைப்பட்ட அளவுக்கும் இந்தத் தடை பொருந்தாது.

விசாரணை பல ஆண்டுகள் இழுக்கும் நாட்டில் இப்படியொரு பிரிவு இருந்தால், தீர்ப்புக்கு முன்பே தண்டனை முடிந்துவிடும். உச்ச நீதிமன்றம் இதை முகத்துக்கு நேரே சந்தித்ததும் உண்டு. 1994ஆம் ஆண்டில், குறைந்தபட்சம் 10 ஆண்டு தண்டனைக்குரிய வழக்குகளில் 5 ஆண்டுகள் சிறையில் கழித்துவிட்ட விசாரணைக் கைதிகளை நிபந்தனையோடு விடுவிக்க உத்தரவிட்டது. 2023ஆம் ஆண்டில் முகமது முஸ்லிம் வழக்கில், 7 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தவருக்கு ஜாமீன் வழங்கி, விசாரணையில் அளவுகடந்த தாமதம் இருந்தால் பிரிவு 37 அதற்குக் குறுக்கே நிற்காது என்று கூறியது. ஏழு ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் நிவாரணத்தை நிவாரணம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், கிலோக்கணக்கில் பிடிபட்டவர்கள் சிலர் எப்படி விடுதலையாகிறார்கள்?

செய்தியைப் படிக்கும் பலருக்கு எழும் ஆத்திரம் இது. ஆனால் விடுதலையின் காரணம் பெரும்பாலும் நீதிபதியின் இரக்கமாக இருப்பதில்லை, காவல்துறையின் அவசரமாக இருக்கிறது. இந்தச் சட்டம் சுமையைக் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் மாற்றி வைக்கிறது: பொருள் உங்களிடம் இருந்தது என்று நிரூபணமானால், அது என்னவென்று தெரிந்தே வைத்திருந்தீர்கள் என்று பிரிவு 35, 54 ஆகியவற்றின்படி நீதிமன்றம் அனுமானிக்கலாம், தெரியாது என்பதை நீங்கள்தான் நிறுவ வேண்டும். அத்தகைய அனுமானம் எழுவதற்கு முன் அடிப்படை உண்மைகளை அரசுத்தரப்பு ஐயமற நிறுவியாக வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் நூர் ஆகா வழக்கில் உச்ச நீதிமன்றம் எச்சரித்தது. சட்டம் எவ்வளவு கடுமையோ அவ்வளவு கறாராக நடைமுறையும் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

அந்த நடைமுறைகள் எளியவையே. கிடைத்த தகவலை எழுத்தில் பதிந்து மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். உடலைச் சோதிப்பதற்கு முன், "கெசட் பதிவு பெற்ற அதிகாரி அல்லது நீதித்துறை நடுவர் முன்னிலையில் சோதிக்கக் கோரும் உரிமை உங்களுக்கு உண்டு" என்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று 1999ஆம் ஆண்டிலும் 2010ஆம் ஆண்டிலும் அரசியல் சாசன அமர்வுகள் தீர்ப்பளித்தன. (கையில் உள்ள பையைச் சோதிக்க இது பொருந்தாது, உடலுக்கு மட்டுமே.) மாதிரிகளை நடுவர் முன்னிலையில் எடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மோகன்லால் தீர்ப்பு. பேருந்து நிலையத்திலேயே இரண்டு பொட்டலங்களைப் பிரித்து மாதிரி எடுத்து, காவல் நிலையத்துக்குப் போய் அச்சிட்ட வாசகத்தில் கையெழுத்து வாங்கிய வழக்குகள் இவற்றில் ஏதோ ஓர் இடத்தில் உடைகின்றன.

தமிழ்நாட்டிலிருந்து சென்ற தூபான் சிங் வழக்கு இன்னும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. பிரிவு 67ன் கீழ் புலனாய்வு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே பலர் தண்டிக்கப்பட்டு வந்தார்கள். அந்த அதிகாரிகளும் காவல்துறை அதிகாரிகளே, ஆகவே அவர்களிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியாகாது என்று 2020 அக்டோபர் 29 அன்று மூன்றில் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

பயன்படுத்துபவரும் கடத்துபவரும் ஒன்றாகவே நடத்தப்படுகிறார்களா?

தண்டனையில் வேறுபாடு உண்டு. பயன்படுத்துவதற்கு ஹெராயின், கோகெயின், மார்ஃபின் போன்றவை என்றால் ஓராண்டு வரை, மற்றவை என்றால் 6 மாதங்கள் வரை சிறை அல்லது அபராதம். ஆனால் இரண்டுமே குற்றம்தான். நாட்டில் பதிவாகும் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை சொந்தப் பயன்பாட்டுக்காக வைத்திருந்ததற்கானவை என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுகின்றன. எய்ம்ஸ் நடத்திய கணக்கெடுப்பு, 2019ஆம் ஆண்டில் வெளியானது, நாட்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் ஏறத்தாழ 3 கோடிப் பேர் என்றும் ஓபியம் வகைகளைப் பயன்படுத்துவோர் 2 கோடிக்கும் மேல் என்றும் மதிப்பிட்டது. இத்தனை பேரையும் அடைக்கச் சிறை இல்லை. யார் கைதாவார் என்பது எந்தத் தெருவில் ரோந்து நடக்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிடுகிறது.

அதிகம் பேர் அறியாத பிரிவு 64ஏ. அடிமையானவர் தாமாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால், பயன்படுத்திய குற்றத்துக்கும் சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கும் வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம். சிகிச்சையை முடிக்காமல் விட்டால் விலக்கு போய்விடும். உதவிக்கு 14446 என்ற இலவச எண் உள்ளது.

அப்படியானால் பெரிய முதலாளிகள் பிடிபடுவதே இல்லையா?

எப்போதாவது. 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்த்ரா துறைமுகத்தில், ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரான் வழியாக முகப்பூச்சுக் கற்கள் என்ற பெயரில் வந்த இரண்டு கண்டெய்னர்களில் ஏறத்தாழ 3,000 கிலோ ஹெராயின் சிக்கியது. இறக்குமதி செய்த நிறுவனத்தின் முகவரி விஜயவாடா. முதலில் கைதானவர்களில் சென்னையில் வசித்தவர்களும் இருந்தார்கள். வணிக அளவான 250 கிராமைப் போல ஏறக்குறைய 12,000 மடங்கு அது. அதற்கும் 251 கிராமுக்கும் சட்டத்தில் உள்ள குறைந்தபட்சத் தண்டனை ஒன்றுதான்.

கடத்தல் வேலையில் பொருளைத் தொடுபவருக்கும் அதன் சொந்தக்காரருக்கும் இடையே மூன்று நான்கு ஆட்கள் இருப்பார்கள். "குருவி" என்று நம்மூரில் அழைக்கப்படும் ஆளுக்குத் தெரிந்தது ஒரு கைப்பேசி எண், அதுவும் மறுநாள் அணைந்திருக்கும். மேலே ஏறிப்போக வங்கிக் கணக்குகளையும் நிறுவனப் பதிவுகளையும் மாதக்கணக்கில் துருவ வேண்டும். பையோடு நிற்பவரைப் பிடித்தாலோ அன்று மாலையே புகைப்படத்தோடு செய்திக்குறிப்பு வெளியிடலாம்.

தமிழ்நாட்டுக்குக் கஞ்சா எங்கிருந்து வருகிறது?

பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து: பழைய விசாகப்பட்டினம் மாவட்டத்தின் மலைப்பகுதி, மல்காங்கிரி, கோராபுட். அங்கே சாலையும் சந்தையும் இல்லாத பழங்குடிக் கிராமங்களில் வேறு எந்தப் பயிரும் தராத காசை இது தருகிறது. ரயிலிலும் லாரியிலும் சென்னை வந்து மாவட்டங்களுக்குப் பிரிகிறது. ஒரு பகுதி ராமநாதபுரம், வேதாரண்யம் கரைகளிலிருந்து படகில் இலங்கைக்குப் போகிறது. யாழ்ப்பாணத்துச் செய்திகளில் இதை "கேரள கஞ்சா" என்றே எழுதுவார்கள். விளைந்தது ஒடிசாவில், ஏற்றியது தமிழ்நாட்டில், பழி மட்டும் கேரளத்துக்கு!

2021 டிசம்பரில் தமிழ்நாடு காவல்துறை "கஞ்சா வேட்டை" என்ற பெயரில் தொடங்கிய நடவடிக்கை பல சுற்றுகளாக நடந்தது. கைதுகளும் வங்கிக் கணக்கு முடக்கங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன. மலையில் செடி இருக்கும்வரை அடுத்த பை கிளம்பத்தான் செய்யும்.

கஞ்சா வழக்கில் குண்டர் சட்டம் ஏன் போடப்படுகிறது?

குண்டர் சட்டம் எனப்படும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தடுப்புக் காவல் சட்டம் போதைப்பொருள் குற்றவாளிகளையும் உள்ளடக்கியது. அதன்படி ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை வைத்திருக்கலாம். ஜாமீன் கிடைக்கக்கூடிய அளவுள்ள வழக்குகளில் அந்த வாசலை மூட இது பயன்படுகிறது. குடும்பத்தார் ஆட்கொணர்வு மனு போடுவார்கள். காவலை எதிர்த்து அரசிடம் கொடுத்த மனுவைப் பரிசீலிக்கத் தாமதம், படிக்க முடியாத நகல்கள் போன்ற காரணங்களால் உயர் நீதிமன்றம் ஏராளமான உத்தரவுகளை ரத்து செய்கிறது. அதற்குள் பல மாதங்கள் ஓடியிருக்கும்.

சிங்கப்பூரைப் போலத் தூக்கிலிட்டால் கடத்தல் நின்றுவிடாதா?

இந்தியாவிலும் அந்தத் தண்டனை ஏட்டில் இருக்கிறது. ஒரு முறை தண்டிக்கப்பட்டவர் மறுபடியும் பெரிய அளவில், உதாரணமாக ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஹெராயினுடன், பிடிபட்டால் மரணதண்டனை விதிக்கலாம். 2011ஆம் ஆண்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அது கட்டாயமாக இருக்கக் கூடாது என்றது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் அதையே சட்டமாக்கியது. இச்சட்டத்தின் கீழ் இதுவரை யாரும் தூக்கிலிடப்படவில்லை.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் அல்லது 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தினால் தூக்கு. 2013 முதல், வெறுமனே பொருளைச் சுமந்து வந்தவர், புலனாய்வுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசுத்தரப்பு சான்றளித்தால், ஆயுள் தண்டனையும் குறைந்தது 15 பிரம்படிகளும் பெற்று உயிர் தப்பலாம். இந்த விதிவிலக்கின் உள்முரணைக் கவனியுங்கள்: சங்கிலியில் மேலே இருப்பவருக்குச் சொல்ல விஷயம் இருக்கும், அடிமட்டக் குருவிக்கு ஒன்றும் தெரியாது, ஆகவே சான்றும் கிடைக்காது. மலேசியத் தமிழரான நாகேந்திரன் தர்மலிங்கம் 2009ஆம் ஆண்டில், தமது இருபதுகளின் தொடக்கத்தில், 42.72 கிராம் ஹெராயினைத் தொடையில் கட்டிக்கொண்டு எல்லையைக் கடந்தபோது பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வழக்கறிஞர்கள் வாதிட்டும் 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். அவருக்குப் பின்னும் மலேசியத் தமிழ் இளைஞர்கள் அந்தத் தூக்குமேடைக்குச் சென்றார்கள். சிங்கப்பூர் அரசு இந்தத் தண்டனையால்தான் நாடு காக்கப்படுகிறது என்கிறது. சிறிய தீவு, நேர்மையான காவல்துறை, செறிவான எல்லைக் கண்காணிப்பு ஆகியவற்றிலிருந்து தூக்குக் கயிற்றின் பங்கை மட்டும் பிரித்து எடுத்துக்காட்டுவது எளிதல்ல. அண்டை நாடான மலேசியா 2023ஆம் ஆண்டில் கட்டாய மரணதண்டனையைக் கைவிட்டு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளின் தண்டனையை மறுபரிசீலனை செய்ய வழிவிட்டது.

ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கிறதே, ஏன்?

தேவை அப்படியே இருப்பதால். டிரமடால் என்ற வலிநிவாரணி 2018ஆம் ஆண்டில் இச்சட்டத்தின் கீழ் கொண்டுவரப்பட்டது. அதன் இடத்தை டேபென்டடால் மாத்திரைகள் பிடித்துக்கொண்டன, அவற்றைக் கரைத்து ஊசியில் ஏற்றும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் நம் மாவட்டங்களிலிருந்தே வருகின்றன. கஞ்சாவைப் போல வாசனையோ பருமனோ இல்லாத செயற்கைப் பொருட்களைக் கடத்துவது எளிது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டெல்லியில் சத்துமாவோடு கலந்து பிடிபட்ட 50 கிலோ சூடோஎபெட்ரின், மெத்தாம்பெட்டமின் தயாரிக்கும் மூலப்பொருள். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் தேங்காய்த்தூள் என்ற பெயரிலும் அது போய்க்கொண்டிருந்ததாக அதிகாரிகள் கூறினர்.

என் வாகனத்தில் வேறொருவர் கடத்தினால் வாகனம் போய்விடுமா?

உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்றும், தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தீர்கள் என்றும் நிரூபித்தால் போகாது. வழக்கு முடியும்வரை வாகனத்தை இடைக்காலமாக உரிமையாளரிடம் ஒப்படைக்க இச்சட்டம் தடையாக இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது.

புற்றுநோயாளிக்குக் கொடுக்கும் மார்ஃபினும் இந்தச் சட்டத்தில் வருகிறதா?

வருகிறது; இச்சட்டத்தின் மிக வேதனையான விளைவும் அங்கேதான் நிகழ்ந்தது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர், ராஜஸ்தானின் சித்தோர்கர் பகுதிகளில் அரசு உரிமத்தோடு அபினி பயிரிட்டு உலகுக்கே மருந்துக்கான மூலப்பொருள் தரும் நாடு இது. மருத்துவத்துக்காக மார்ஃபின் பயன்படுத்துவதை 1985ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்யவில்லை. ஆனால் ஒரு மருத்துவமனை அதை வாங்கி வைக்க வெவ்வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமங்கள் பெற வேண்டியிருந்தது. அவை எல்லாம் ஒரே நேரத்தில் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். கணக்கில் சிறு பிழை நேர்ந்தாலும் 10 ஆண்டு சிறை என்ற அச்சத்தில் மருந்துக்கடைகள் அதைத் தொடவே மறுத்தன. 1997ஆம் ஆண்டுக்குள் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. மருத்துவ மாணவர்களின் ஒரு தலைமுறை அந்த மாத்திரையைக் கண்ணால் காணாமலேயே பட்டம் பெற்றது.

திருவனந்தபுரத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் அவரோடு நின்றவர்களும் பல ஆண்டுகள் நடத்திய முயற்சியின் பயனாக, 2014ஆம் ஆண்டுத் திருத்தம் மார்ஃபின் உள்ளிட்ட சில மருந்துகளை "அத்தியாவசியப் போதை மருந்துகள்" என்று வகைப்படுத்தி, பல உரிமங்களுக்குப் பதில் ஒரே அனுமதி போதும் என்று ஆக்கியது. இன்று அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளும் வலிநிவாரணச் சிகிச்சை மையங்களும் மருத்துவரின் சீட்டின் பேரில் அதைத் தருகின்றன. வீட்டில் நோயாளிக்காக அந்த மாத்திரைகளை வைத்திருப்பது குற்றமல்ல. சீட்டை அதே உறையில் வைத்துக்கொள்ளுங்கள், நோயாளி இறந்தபின் மீதமிருப்பதை அந்த மருத்துவமனையிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.